கையைத் தூக்கு

அவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போவதுதான் நல்லது. கையில் பை இருந்தால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். "பையில இன்னா?" என்பார். வாங்க, உட்காருங்க என்பதெல்லாம் அதற்கப்புறம். கத்திரிக்காய் என்று வாயால் சொன்னால் போதாது, பையைத் திறந்து காட்ட வேண்டும். காட்டினால் மேலே இருக்கிற காயை ஒதுக்கிவிட்டு அடியில் கையை விடுவார். கத்திரிக்காய்க்கு அடியில் கத்திரிக்காய்தான் இருக்கும். அதில் அவருக்கு ஏமாற்றமும் கிடையாது, சந்தோஷமும் கிடையாது. "சரி, போ" என்று தலையசைப்பார். நாம் உள்ளே போகலாம்.

வரிசை வீடுகளான எங்கள் லைனில் எல்லோருக்கும் அவர் கேட் மாமா. ஊரிகம் என்கிற எங்கள் சுரங்க ஊரில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் அவர் இருமினால் இந்தப் பக்கம் என் தையல் மிஷினில் ஊசி நிற்கும். தங்கச் சுரங்கம் மூடுகிற வரைக்கும் அவருக்கு அங்கே கேட்டில் வேலை. ஷிஃப்ட் முடிந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டு லிஃப்டில் மேலே ஏறி வருகிற ஆட்கள் எல்லோரும் ஒரு கொட்டகைக்குள் புகுந்துதான் வெளியே போக வேண்டும். அங்கே இவர் நிற்பார். "கையைத் தூக்கு" என்பார். கழுத்திலிருந்து கணுக்கால் வரை தடவிப் பார்ப்பார். டிபன் கேரியரைத் திறக்கச் சொல்வார். வாயைத் திறக்கச் சொல்வார். தங்கம் கலந்த கல் ஒரு சில்லு வெளியே போய்விட்டால் அது அவர் தலையில் விடியும்.

"ஒண்ணும் இல்லண்ணா" என்று எல்லோரும் சொல்வார்களாம். "எல்லாரும் அதைத்தான் சொல்லுவான். ஒண்ணும் இல்லன்றவனைத்தான் ஒழுங்கா பாக்கணும்" என்பார் மாமா. சுரங்கம் மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, கேஜ் நின்றுவிட்டது, கொட்டகையில் ஓடுகூட இல்லை. அவர் கை மட்டும் ரிடையர் ஆகவில்லை.

அவர் மகள் கல்யாணம் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்று வருகிறவர்களை வரவேற்க இவரை நிறுத்தினார்கள். அது யார் செய்த யோசனை என்று இன்று வரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமன் நல்ல ஆஜானுபாகுவான ஆள். சம்பந்தியைக் கட்டிப் பிடிக்க ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு சிரித்தபடி வந்தார். விரித்த கையைக் கண்டதும் கேட் மாமாவுக்குக் கல்யாணம் மறந்துபோய்விட்டது. கிண்ணத்தைக் கீழே வைத்தார். அக்குள், விலா, இடுப்பு என்று வரிசையாகத் தட்டிக்கொண்டே இறங்கினார். இடுப்பில் கை நின்றது. வேட்டி மடிப்பிலிருந்து ஒரு குவார்ட்டர் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

மண்டபத்தில் நாதஸ்வரக்காரர்கூட ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டார். அதற்கப்புறம்தான் மாமாவுக்கு எங்கே நிற்கிறோம் என்று உறைத்தது. கல்யாணம் நின்று போயிருக்கும். ஆனால் அந்தத் தாய்மாமன் தன் வீட்டுக்காரிக்கு முன்னால் வாயைத் திறக்க முடியாத நிலையில் இருந்ததால் எல்லாம் சுபமாக முடிந்தது.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நான் எட்டாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பிளவுஸ் தைக்கிறேன், பேண்ட் இடுப்பு பிடிக்கிறேன், புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கிறேன். மிச்ச நேரத்தில் பயப்படுகிறேன். கேஸை மூடினேனா, இஸ்திரிப் பெட்டியை அணைத்தேனா, பெங்களூருக்கு வேலைக்குப் போன வீட்டுக்காரர் ரயில் படியில் தொங்கிக்கொண்டு வருகிறாரா, இதெல்லாம் எனக்கு தினப்படி. "உனக்கு எதுக்குதான் பயம் இல்ல, அதைச் சொல்லு, சீக்கிரம் முடியும்" என்பார் என் வீட்டுக்காரர். நான் பயப்படுவதைக் கேட்டு சிரிக்காத ஒரே மனுஷன் கேட் மாமா. லைனிங் துணி வாங்க ராபர்ட்சன்பேட்டைக்குப் போவேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் இஸ்திரிப் பெட்டி ஞாபகம் வந்து நெஞ்சு அடித்துக்கொள்ளும். அவருக்கு போன் போடுவேன். எங்கள் வீட்டு சாவி ஒன்று அவரிடம் இருந்தது. போய்த் திறந்து பார்த்துவிட்டுக் கூப்பிடுவார்.

"ஆஃப்ல கீது. தொட்டும் பாத்தேன், ஜில்லுனு கீது."

"சாரி மாமா. உங்களுக்கு சும்மா சும்மா தொந்தரவு."

"இன்னா தொந்தரவு? சந்தேகம் வந்தா பாத்துடணும். பாத்துட்டா முடிஞ்சிது, போ."

இந்த "பாத்துட்டா முடிஞ்சிது" என்பதை அவர் வாயில் கேட்டால் எனக்கு மாத்திரை போட்ட மாதிரி இருக்கும். கேட்டிலும் ஒவ்வொரு ஆளையும் தடவிவிட்டு இதையேதான் சொல்லி அனுப்புவாராம்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு கோடையில் கால் வீங்கியது. இடது கால் மட்டும். கெண்டைக்கால் தண்ணீர் பை மாதிரி இருந்தது, தொட்டால் சுட்டது. நரம்பு பிசகு என்று அவரே முடிவு பண்ணிவிட்டார். அத்தை, அதாவது அவர் வீட்டுக்காரி, எண்ணெய் காய்ச்சித் தேய்த்தாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பயந்துகொண்டிருந்தேன். எனக்குப் பயம் காலைப் பார்த்து மட்டும் இல்லை. அதற்கு முன்னாலேயே மாமா ஒரு பேண்டைக் கொண்டுவந்து இடுப்பைச் சுருக்கச் சொல்லியிருந்தார். சுருக்கிக் கொடுத்தேன். கொஞ்ச நாள் கழித்து அதே பேண்ட் திரும்பி வந்தது, இன்னும் சுருக்கு என்று. நான் தைத்த தையலை நானே பிரித்துவிட்டு அதற்கும் உள்ளே தைத்தேன்.

"மாமா, இளைச்சிகினே போறீங்க."

"வெயில்ல எல்லாந்தான் சுருங்கும்."

நான் சொன்னதை அத்தையும் கேட்கவில்லை, என் வீட்டுக்காரரும் கேட்கவில்லை. ரோட்டில் நாய் குரைத்தாலும் பயப்படுகிறவள் சொன்னால் யார் கேட்பார்கள்? கால் சிவந்துபோய் செருப்பு நுழையாமல் ஆனதும்தான் உள்ளூர் டாக்டரிடம் போனார்கள். அவர் தேய்க்கவே கூடாது என்று அத்தையைக் கண்டித்துவிட்டு, பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அத்தைக்குப் பெங்களூர் பிடிபடாது. எனக்கும் பிடிபடாது, ஆனால் வீட்டில் உட்கார்ந்து பயப்படுவதை விட கூடப் போய்ப் பயப்படலாம் என்று கிளம்பினேன்.

காலை ரயில். வேலைக்குப் போகிற கூட்டம். மாமாவின் காலைப் பார்த்து யாரோ இடம் கொடுத்தார்கள். உட்கார்ந்ததும் சீட்டுக்கு அடியில் ஒரு கறுப்புப் பையைப் பார்த்துவிட்டார். பங்காருபேட்டை வருவதற்குள் பெட்டி முழுக்கக் கேட்டாகிவிட்டது, யார் பை இது, யார் பை இது என்று. கடைசியில் கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிய ஒரு பெண் காதிலிருந்து எதையோ கழற்றிவிட்டு "என்னோடது அங்கிள்" என்றாள். "இன்னா கீது உள்ள?" லேப்டாப், சாப்பாட்டு டப்பா. டப்பாவைத் திறக்கச் சொல்லப் போகிறார் என்று அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு கால் யானைக்கால் மாதிரி வீங்கி, உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் ஆஸ்பத்திரிக்குப் போகிற மனுஷன் அடுத்தவள் சாப்பாட்டு டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று கவலைப்பட்டுக்கொண்டு போனார்.

டாக்டரம்மா சின்ன வயசு. ஓசூர்ப் பக்கத்துக்காரி, தமிழ் நன்றாகப் பேசினாள். காலை ஸ்கேன் பண்ணிப் பார்த்துவிட்டு, ஆழமாக ஓடுகிற ஒரு ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது என்றாள். உறைந்த துண்டு பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் ஆபத்து, ஊசி போட வேண்டும் என்றாள். மாமாவுக்கு அதில் சம்மதம்தான். அப்புறம் அவள் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். சமீபத்தில் ஆபரேஷன் ஏதாவது? படுத்த படுக்கையாக இருந்தீர்களா? அடிபட்டதா? ரொம்ப தூரம் பயணம்? எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்றார் மாமா.

"அப்போ காரணமே இல்லாம ஏன் உறைஞ்சுது?" என்றாள் டாக்டரம்மா, தனக்குத்தானே கேட்கிற மாதிரி. "எடை குறைஞ்சுதா ஐயா?"

"இல்ல" என்றார் மாமா.

எனக்கு நாக்கு நிற்கவில்லை. "ரெண்டு வாட்டி பேண்ட் இடுப்பைப் பிடிச்சிருக்கேன் டாக்டர்" என்று சொல்லிவிட்டேன். அவள் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தாள். நான் பயந்து சொன்ன ஒரு விஷயத்தை மாமாவைத் தவிர முதல் முறையாக ஒருத்தர் சிரிக்காமல் கேட்டு எழுதிக்கொண்டார். எனக்கு அதுவே பெரிய பயமாகிவிட்டது.

வயிற்றை ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றாள். சில பேருக்கு உடம்புக்குள் எங்கேயாவது கேன்சர் ஒளிந்துகொண்டிருந்தால் அது வெளியே தெரிவதற்கு முன்னாலேயே காலில் இப்படி ரத்தம் உறையுமாம். எல்லோருக்கும் அப்படி இருக்காது, ஆனால் எடையும் குறைந்திருப்பதால் பார்த்துவிடுவது நல்லது என்றாள்.

மாமா எழுந்து நின்றுவிட்டார். "காலுக்கு வந்தேன். காலைப் பாத்துட்டீங்க. வயித்துல இன்னா? என்கிட்ட ஒண்ணும் இல்லம்மா."

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை என்னைப் பார்த்தாள். ஒண்ணும் இல்லை என்றவனை ஒரு நாளும் நம்பாத மனுஷன் அந்த வார்த்தையை அச்சு அசலாக, கேட்டில் நின்ற ஆட்கள் சொன்ன அதே ராகத்தில் சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

அந்த மாங்காய் சீசன் முழுக்க இப்படியே போனது. டாக்டரம்மா எழுதிக் கொடுத்த ஊசியைத் தொப்புளுக்குப் பக்கத்தில் போட அத்தை பழகிக்கொண்டாள். கால் வற்றியது. சவரம் பண்ணும்போது தாடையில் கொஞ்சம் கிழித்துக்கொண்டார், ரத்தம் நிற்காமல் வழிந்தது. அதைக் கண்ணாடியில் பார்த்து அவருக்கு ஒரே பெருமை. "பாரு, எப்பிடி ஓடுது! அடைப்பாம் அடைப்பு." அத்தை துண்டை வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள். நான் ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சொன்னேன்.

"மாமா, நீங்க சொல்றதுதானே. சந்தேகம் வந்தா பாத்துடணும். பாத்துட்டா முடிஞ்சிது."

"அது உன் இஸ்திரிப் பெட்டிக்குச் சொன்னது" என்றார்.

அத்தையிடம்தான் கேட்டேன், இந்த மனுஷனுக்கு என்னதான் பயம் என்று. அவள் பிளவுஸுக்கு அளவு கொடுக்க வந்து கையை விரித்து நின்றுகொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னாள்.

வேலைக்குச் சேர்ந்த புதுசில் ஒரு நாள் கேஜிலிருந்து ஒருத்தன் காலில் பெரிய கட்டோடு வந்தானாம். கட்டெல்லாம் ரத்தம். ஐயோ அம்மா என்று முனகிக்கொண்டு, ரெண்டு பேர் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அடிபட்டவனிடம் கையைத் தூக்கு என்று எப்படிச் சொல்வது? மாமா கட்டைத் தொடவில்லை. அதோடு விட்டாரா, தாங்கிப் பிடித்தவர்கள் களைத்துப் போனார்களே என்று இவரே தோள் கொடுத்து வெளி கேட் வரைக்கும் கொண்டுபோய் விட்டார். அப்புறம்தான் தெரிந்தது. அவன் காலில் காயமே இல்லை. ஆட்டு ரத்தம். பஞ்சுக்கு நடுவில் கல்.

"காவலுக்கு நிக்கறவன் தோள்மேல ஏறி திருடன் வெளிய போனான்னு கேம்ப் முழுக்க சிரிச்சாங்க. மேலதிகாரி இவரை இன்னா கேள்வி கேட்டான்ற? சாப்பாடு எறங்கல இவருக்கு."

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. கொஞ்ச நாள் கழித்து முனுசாமி என்று ஒருத்தர் முழங்காலில் கட்டோடு வந்தார். அவரும் ஐயோ என்றார். இந்த முறை மாமா விடவில்லை. கட்டை அவுத்துடு என்றார். முனுசாமி கெஞ்சினார், இப்பத்தாண்ணா ரத்தம் நின்னுது, அவுக்காதே என்று. மாமா தானே பிடித்து இழுத்தார். துணியோடு ஒட்டிக் காய்ந்திருந்த ரத்தமும் சேர்ந்து பிய்ந்து வந்தது. கொட்டகைத் தரையெல்லாம் ரத்தம். கல் கில் எதுவும் இல்லை, நிஜக் காயம். அது அப்புறம் சீழ் பிடித்து, முனுசாமிக்கு அந்தக் கால் மடங்காமல் போய்விட்டது.

முனுசாமி அண்ணனை எனக்குத் தெரியும். பின் லைன்தான். காலை இழுத்து இழுத்து டீக்கடைக்குப் போவார். மாமா ஒரு பெஞ்சில் உட்கார்ந்தால் அவர் இன்னொரு பெஞ்சில் உட்காருவார். இத்தனை வருஷமாக ரெண்டு பேரும் ஒரே கடையில் டீ குடித்திருக்கிறார்கள், ஒரு வார்த்தை பேசினது கிடையாது.

"அவுக்காம விட்டும் கெட்டாரு, அவுத்தும் கெட்டாரு" என்றாள் அத்தை. "இப்ப இவரை அவுக்கறேன்னா எப்பிடி ஒத்துப்பாரு? கையை இறக்கலாமாடி, வலிக்குது."

மறுபடி டாக்டரம்மாவைப் பார்க்கப் போகிற நாள் வந்தது. காலைக் காட்டிவிட்டு வந்துவிடுவது என்பது மாமாவின் திட்டம். அவள் காலைப் பார்த்தாள், நல்லா இருக்கு என்றாள், அப்புறம் ஸ்கேன் எடுத்தீங்களா என்றாள். மாமா ஜன்னலைப் பார்த்தார். அவள் கோபப்படவில்லை. ஏன் எடுக்கச் சொல்கிறேன் என்று சொல்கிறேன், கேட்டுவிட்டு உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தாள். எனக்கு விளங்கின அளவில் எழுதுகிறேன். தப்பாக எழுதுகிறேனோ என்று எழுதும்போதே பயமாகத்தான் இருக்கிறது.

"நம்ம ரத்தத்துல சின்னச் சின்னத் துணுக்குங்க இருக்கு ஐயா. பிளேட்லெட்டுன்னு பேரு. அடிபட்டா அதுங்க ஓடி வந்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு ரத்தத்தை நிறுத்தும். நல்ல வேலைதான். ஆனா கேன்சர் கட்டி சிலது, ரத்தம் சீக்கிரம் உறையிற மாதிரி பண்ணிடும். அதனாலதான் கால்ல அடைக்குது. அதோட நிக்காது. அந்தக் கட்டியில இருந்து ஒரு செல்லு பிரிஞ்சு ரத்தத்துல இறங்குதுன்னு வெச்சுக்கங்க. தனியா போனா நம்ம உடம்புல இருக்கிற காவல் செல்லுங்க பிடிச்சுக் கொன்னுடும். நிறைய செல்லு அப்படித்தான் சாகுது."

காவல் என்ற வார்த்தையில் மாமா ஜன்னலை விட்டுத் திரும்பினார்.

"அதனால அது என்ன பண்ணும்னா, இந்தப் பிளேட்லெட்டுங்களைத் தன் மேல இழுத்து ஒட்ட வெச்சுக்கும். உறைஞ்ச ரத்தம் அதைச் சுத்திப் போர்வை மாதிரி மூடிக்கும். காவலுக்கு மேல பாத்தா நம்ம ரத்தம்தான் தெரியும். உள்ள இருக்கிறது தெரியாது. விட்டுடும்."

மாமா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "கட்டு போட்டுக்கினு போவுதா?"

டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தாள். "ஆமா ஐயா. அப்படியே சொல்லலாம்."

"காயம் இல்லாமயே கட்டு."

"ம்."

"கூட யாராவது தாங்கிப் பிடிச்சுக் கூட்டினு போறாங்களா?"

"அதையும் அந்தப் பிளேட்லெட்டுங்கதான் பண்ணுது. ரத்தக் குழாய்ச் சுவர்ல அது ஒட்டிக்கவும், சுவரைத் தாண்டி வேற இடத்துக்குப் போகவும் உதவி பண்ணும். போன இடத்துல அது குடித்தனம் ஆரம்பிச்சுடும்."

மாமா அத்தை பக்கம் திரும்பினார். முகத்தில் பயமும் இல்லை, துக்கமும் இல்லை. ரொம்ப நாளாகத் தேடிய ஒருத்தனை பஸ் ஸ்டாண்டில் பார்த்துவிட்ட மாதிரி ஒரு முகம். "கேட்டியா? தோள் குடுக்கறானுங்களாம்" என்றார். அப்புறம் டாக்டரம்மாவிடம், "அப்ப இந்த ஊசி, கட்டை அவுத்துடுமா?"

"இந்த ஊசி புதுசா உறையாம தடுக்கும். கால்ல இருக்கிறதை உடம்பே மெதுவா கரைச்சுக்கும். கேன்சரைப் பிடிக்கிற மருந்து இது இல்ல ஐயா. அதுக்கும் இது உதவுமான்னு ஆராய்ச்சி பண்ணிட்டுத்தான் இருக்காங்க, முடிவா சொல்ல முடியாது. இதையும் அளவுக்கு மேல போட முடியாது. போட்டா வேற இடத்துல ரத்தம் கொட்டும்."

"தெரியும்" என்றார் மாமா. "ஒருத்தனுக்கு அப்பிடி கொட்ட வெச்சிகீறேன்."

டாக்டரம்மாவுக்கு அது புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது. அப்புறம் மாமா சட்டையின் மேல் பட்டனைக் கழற்ற ஆரம்பித்தார். "பாருங்க. எங்கெங்க பாக்கணுமோ நல்லா பாருங்க" என்றார். இங்கே இல்லை ஐயா, கீழே ஸ்கேன் ரூமில் என்று அவள்தான் பட்டனைப் போடச் சொன்னாள்.

கீழே அவருடைய பெல்ட், வாட்ச், மோதிரம், வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றி ஒரு தட்டில் வைக்கச் சொன்னார்கள். பையில் இருந்த சில்லறையையும் போடச் சொன்னார்கள். மாமா ஒன்றையும் ஒளிக்காமல் போட்டார். நாடா கட்டின ஒரு அங்கியைக் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு மேஜைமேல் படுத்தார். கதவு சாத்துவதற்கு முன்னால் மிஷின்காரர் கன்னடத்தில் சொன்னது எங்கள் காதில் விழுந்தது. "கை மேலே எத்தி." கையைத் தூக்கு.

மாமா தூக்கவில்லை. காதில் விழவில்லையோ என்று அவர் இன்னொரு தடவை சொன்னார். நான் அத்தை புடவையைப் பிடித்துக்கொண்டேன். எழுந்து வந்துவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். மெதுவாக, ஒவ்வொரு கையாக, தலைக்கு மேலே போனது. கதவு சாத்திக்கொண்டது.

வெளியே வந்ததும் அவர் முதலில் சொன்னது இதுதான். "நல்லா பாக்கிறான்யா. மூச்சைக்கூட நிறுத்தச் சொல்லிட்டுப் பாக்கிறான். நமக்கு அது தோணவேயில்ல."

கணையத்தில் இருந்தது. கல்லீரலுக்கும் போய்விட்டிருந்தது. டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொன்னாள், ஆனால் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். மாமா கேட்டது ஒரே கேள்வி. "எப்ப தாண்டிச்சு?"

"சொல்ல முடியாது ஐயா. கால் வீங்கறதுக்கு முன்னாடியே தாண்டியிருக்கலாம்."

தாண்டியிருக்கலாம் என்றுதான் சொன்னாள், தாண்டிவிட்டது என்று சொல்லவில்லை. அந்த மாங்காய் சீசனை நினைத்து நான் இன்றைக்கும் தூக்கம் கெடுகிறேன். மாமா கெடவில்லை. "கெட்டிக்காரன்" என்றார், கல்லீரலுக்குப் போனவனைப் பற்றி.

மருந்து ஏற்றினார்கள். கொஞ்ச நாள் தெம்பாக டீக்கடைக்குப் போனார். அப்புறம் கட்டிலோடு ஆனார். ஒரு மத்தியானம் சுவரைத் தட்டி என்னைக் கூப்பிட்டார்.

"முனுசாமியை ஒரு நடை வந்துட்டுப் போகச் சொல்லு."

பின் லைனுக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. வர மாட்டேன் என்று சொல்லிவிட்டால் மாமாவிடம் என்ன சொல்வது? வந்து திட்டிவிட்டுப் போய்விட்டால்? முனுசாமி அண்ணன் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"எதுக்காம்? இன்னொரு காலும் கீதே, அதையும் பாக்கணுமாமா?"

என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார்.

"ரொம்ப முடியலயா?"

"ஆமாண்ணா."

"சரி, நீ போ" என்றார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மாமாவிடம் நானும் அப்படியே போய்ச் சொன்னேன்.

மறுநாள் காலையில் அத்தைக்குக் கஞ்சி வைக்க உதவி பண்ணிக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. முனுசாமி அண்ணன். உள்ளே வரவில்லை. வாசற்படிக்கு வெளியே நல்ல காலில் நின்றுகொண்டு ரெண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றார். ஒரு கையில் துணிப்பை ஆடிக்கொண்டிருந்தது. கிண்டலாகத்தான் தூக்கினார் என்று நினைக்கிறேன். ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை.

மாமா கட்டிலிலிருந்து ரொம்ப நேரம் அவரைப் பார்த்தார்.

"பையில இன்னா?" என்றார்.

"சாத்துக்குடி. வந்து பாத்துக்கோ."

"எழுந்துக்க முடியல. நீ கொணாந்து காட்டு."

முனுசாமி அண்ணன் கையை இறக்கினார். காலை இழுத்துக்கொண்டு வந்து பையை மாமாவின் மடியில் வைத்தார். அத்தை கரண்டியோடு அப்படியே நின்றாள். மாமா பைக்குள் கையை விட்டார். எலும்பும் தோலுமான அந்தக் கை மேலே இருந்த பழங்களை ஒதுக்கிவிட்டு அடிக்குப் போனது. கிளறியது. ஒரு பழத்தை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து முனுசாமி அண்ணனிடம் நீட்டினார்.

"இது அழுகல்."

முனுசாமி அண்ணன் வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு, எங்கிருந்தோ இருமல் மாதிரி ஒரு சிரிப்பு அவருக்கு வந்தது. "பாத்தியாம்மா இவனை?" என்றார் என்னிடம். "இப்பகூட கண்டுபிடிச்சிட்டான்."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். மடங்காத காலை நீட்டி, லுங்கியை முழங்காலுக்கு மேலே சுருட்டினார். உள்ளே இழுத்துக்கொண்ட மாதிரி, வெளுத்துப்போன பெரிய தழும்பு. "இதையும் பாத்துடு" என்றார். "நீதான சொல்லுவ, பாத்துட்டா முடிஞ்சிதுன்னு."

மாமா பார்த்தார். எல்லோர் உடம்பிலும் கேட்காமல் இறங்கின கை அந்தத் தழும்புக்கு மேலே வந்து, தொடாமல் நின்றது.

"வலிக்குதா?"

"மழைக்கு மூடினா வலிக்கும்."

மாமா லுங்கியின் ஓரத்தைப் பிடித்து மெதுவாக இறக்கி முழங்காலை மூடினார். மூடிவிட்டு மேலே ஒரு தடவை தடவி சரி பண்ணினார். அத்தை டீ வைக்கப் போனாள். முனுசாமி அண்ணன் கையில் இருந்த பழத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைக்காரன் கிட்ட இதை மாத்தினு வரணும்" என்றார். "மேல எல்லாம் நல்லதா வெச்சிட்டு அழுகலை அடியில போட்டுக் குடுத்துட்டான் நாயி."

கேட் மாமா கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தோம்.

"அடியில பாக்காம எவனாவது வாங்குவானா?" என்றார்.